ஓரம் விட்டு எழுதவும்

வகுப்புக் கதவின் பின்புறம் ஒட்டியிருந்த தாளை இன்று காலையில் கிழித்து எடுத்தேன். வருஷக்கணக்கில் காய்ந்து கிடந்த மைதாப் பசை, போன வாரத்து மழை ஈரத்தில் ஊறிப்போய், புளித்த வாடை அடித்தது. அந்த வாடை மூக்கில் ஏறியதுமே நீங்கள் வந்து நின்றுவிட்டீர்கள். "இன்னும் கொஞ்சம் மேலே. இடது பக்கம் தாழ்ந்திருக்கு பாருங்கோ. போறும், போறும்" என்று கீழே நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தீர்கள். பசைக் கிண்ணத்தோடு நாற்காலிமேல் ஏறி நின்று முழங்கை வரைக்கும் பூசிக்கொண்டவள் நான். நம் சிநேகிதம் முழுக்க ஏறக்குறைய அப்படித்தான் நடந்தது.

உங்களை எப்படி விளித்து எழுதுவது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. வகுப்பில் பெண்களுக்கு நாம் இருவருமே டீச்சர். நமக்குள் ஒருவரையொருவர் என்ன சொல்லிக் கூப்பிட்டோம் என்று யோசித்துப் பார்த்தால், கூப்பிடவே இல்லை என்றுதான் தோன்றுகிறது. 'நீங்கள்' என்பதோடு சரி. அக்கா என்று சொல்லலாமா என்று பல நாள் நினைத்திருக்கிறேன். ஸ்ரீரங்கத்து ஐயங்கார் வீட்டுப் பெண்ணை, பாலக்கரைக் கோயில் மணியடிக்கும் சத்தத்தில் வளர்ந்த கிறிஸ்தவப் பெண் அக்கா என்று கூப்பிட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? கேட்டிருந்தால் நீங்கள் சிரித்திருப்பீர்கள். நான் கேட்கவில்லை.

தாளைக் கிழித்த காரணத்தைச் சொல்கிறேன். நம் கல்லூரித் தலைவியான மதர் நேற்று என்னை அழைத்தார். யுத்தத்தினால் காகிதத்துக்குப் பெரிய தட்டுப்பாடு. பெரிய கடைவீதி முழுக்க அலைந்தாலும் கோடு போட்ட வெள்ளைத் தாள் கிடைப்பதில்லை. இருக்கிற கடைக்காரரும் ஆளைப் பார்த்துத்தான் எடுத்துத் தருகிறார். சென்னையிலிருந்து குண்டுக்குப் பயந்து வந்திருக்கும் குடும்பத்துப் பெண்கள் வேறு வகுப்பில் சேர்ந்திருப்பதால், ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்காருகிறார்கள்.

"டீச்சர், உங்க கட்டுரை வகுப்பிலே பக்கத்துக்குக் கால்வாசி ஓரம் விடச் சொல்றீங்களாமே. யுத்தம் முடியற வரைக்கும் அது வேண்டாம். ரெண்டு பக்கமும், விளிம்பு வரைக்கும் எழுதட்டும். விதிகளை மாத்தி எழுதி நாளைக்குச் சாயந்தரம் என்கிட்டே கொடுத்துடுங்க" என்றார்.

சரியென்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். அந்தத் தாளில் இருந்த விதிகளில் உங்களுடையதாக மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். மற்றவையெல்லாம் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. அதையும் என் கையாலேயே அடிக்க வேண்டும் என்பதை நினைத்து நேற்று முழுவதும் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. யாரிடம் பேசுகிறேன் தினமும், அதுவும் ஒரு கேள்விதான்.

அந்த விதிகளை நாம் உட்கார்ந்து எழுதிய மத்தியானம் நினைவிருக்கிறதா? கட்டுரை வகுப்பை இரண்டு பிரிவாக்கி, ஒன்றை உங்களிடமும் ஒன்றை என்னிடமும் கொடுத்திருந்தார்கள். நீங்கள் ஒரு மாதிரி நடத்த, நான் ஒரு மாதிரி நடத்த, உங்கள் பிரிவுப் பெண்கள் என்னிடம் வந்து அழ, மதர் பொறுமை இழந்து, "ரெண்டு பேருக்கும் ஒரே சட்டம், ஒரே தாள்" என்று உத்தரவு போட்டார். காலி வகுப்பில் எதிரெதிரே உட்கார்ந்து பேரம் பேசினோம். தேங்காய்க்காரியிடம் நான் பேசியதெல்லாம் ஒன்றுமே இல்லை.

மணி ஓய்வதற்குள் கட்டுரை மேஜைமேல் இருக்க வேண்டும், ஓய்ந்தபின் வாங்குவதில்லை என்று நீங்கள் சொன்னீர்கள். ஸ்ரீரங்கத்துப் பெண்கள் வருகிற கல்லூரி மாட்டு வண்டி காவேரிப் பாலத்தில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று நான் கேட்டேன். அந்த வண்டியில்தான் நீங்களும் வருகிறீர்கள் என்று ஞாபகப்படுத்தினேன். "அப்போ நானும் லேட்டுன்னு போட்டுக்கோங்கோ" என்றீர்கள். வைகுண்ட ஏகாதசிக்காவது விலக்கு வேண்டாமா என்றதற்கு, "பெருமாள் எங்கேயும் போகமாட்டார். மணிதான் அடிச்சா போச்சு" என்று நீங்கள் சொன்னதைக் கேட்டு, வேதக்காரியான நான்தான் பதறிப்போய் வாயைப் பொத்திக்கொண்டேன். கடைசியில் தாமதத்துக்கு ஒரு நாள் தவணை வாங்கிவிட்டேன். தலைவலி என்ற காரணத்தை மட்டும் எந்த நாளும் ஏற்பதில்லை என்று இருவருமே ஒப்புக்கொண்டோம். தமக்கை எழுதிய பழைய கட்டுரையைப் பேர் மாற்றிக் கொண்டுவரக்கூடாது. முதல் வாக்கியம் தான் கண்ணால் பார்த்த ஏதாவது ஒன்றாக இருக்க வேண்டும். இது உங்கள் விதி. காவேரியைப் பற்றி எழுதச் சொன்னால் அத்தனை பெண்களும் 'நதிகளுள் சிறந்தது' என்று ஆரம்பிப்பார்கள் என்பதற்காக வந்த விதி. தினம் இரண்டு தடவை அதே நதியைத் தாண்டி வருகிற பெண்கள்!

அப்புறம்தான் ஓரம். எனக்கு அது வீண் என்று பட்டது. தாள் விலைக்கு விற்கிறது, கால் பக்கத்தைச் சும்மா விடுவானேன் என்றேன்.

"சும்மான்னு யார் சொன்னா? எழுதறவளுக்கு முக்கால் பக்கம் கொடுத்திருக்கோமே. படிக்கறவளுக்கு உட்காரக் கொஞ்சம் இடம் வேண்டாமா?" என்றீர்கள்.

நான் பேனாவை எடுத்தேன். 'ஓரம் விட்டு எழுதவும்' என்று பெரிய எழுத்தாக எழுதினேன். வாசகம் உங்களுடையது, கையெழுத்து என்னுடையது. உங்கள் கையெழுத்தை அந்தக் கதவில் ஒட்டியிருந்தால் பெண்கள் விதியை விட்டுவிட்டு எழுத்துக்கூட்டிக்கொண்டே நின்றிருப்பார்கள்.

இன்னொரு ஏற்பாடும் நமக்குள் இருந்தது. அது தாளில் எழுதாத விதி. உங்கள் பிரிவுக் கட்டுரைகளை நான் திருத்துவேன், என் பிரிவுக் கட்டுரைகளை நீங்கள் திருத்துவீர்கள். "முகம் தெரிஞ்சா கை தளர்ந்துடும்" என்று நீங்கள் காரணம் சொன்னீர்கள். திருத்திய கட்டு கைமாறி வரும்போது, பிரிவின் டீச்சர் ஒருமுறை பார்த்துவிட்டுப் பெண்களுக்குக் கொடுக்க வேண்டும். ஓய்வறையின் நீள மேஜையில் இரண்டு பக்கமும் இரண்டு கட்டுகளோடு உட்கார்ந்திருப்போம். மூலையில் ஜெபமாலையோடு வயதான சிஸ்டர். திருத்துகிற நேரத்தில் அங்கே பேச்சு மூச்சு கூடாது. பேனா கீழே விழுந்தால்கூட சிஸ்டர் நிமிர்ந்து பார்ப்பார். நாலு மணிக்கு வண்டி வந்துவிடும். விளக்கேற்றுவதற்குள் வீட்டுக்குப் போயாக வேண்டும் என்று முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு நீங்கள் ஓடிவிடுவீர்கள். சேர்ந்தாற்போல நாம் வாய்விட்டுப் பேசிய நேரம் ரொம்பக் கொஞ்சம்தான்.

ஆகவேதான் ஓரத்தில் பேசினோம்.

முதலில் ஆரம்பித்தது நீங்கள். என் தாயார் இறந்து, அடக்கம் முடிந்து, நான் வேலைக்குத் திரும்பியிருந்த வாரம். ஓய்வறையில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நீங்கள் திருத்திக் கொடுத்த கட்டை அவிழ்த்தேன். யாரோ ஒரு பெண்ணின் கட்டுரை ஓரத்தில், சிவப்பு மையில் நீங்கள் எழுதியிருந்த 'இதைப் பார்த்தாயா, கேள்விப்பட்டாயா?' என்ற வரிக்குக் கீழே, பென்சிலால் சின்னதாக ஒன்று இருந்தது. 'கண் ஏன் சிவந்திருக்கிறது?' கட்டுரை மாட்டுப் பொங்கலைப் பற்றியது. அதில் யார் கண்ணும் சிவக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். நீங்கள் அடுத்த தாளில் குனிந்திருந்தீர்கள். அதற்குக் கீழேயே 'தூசி' என்று எழுதி, இன்னொரு கட்டோடு சேர்த்து உங்கள் பக்கம் தள்ளினேன். திரும்பி வந்தது. 'தூசிக்கு இத்தனை நாளா?'

அன்றைக்கு நான் அந்த ஓரத்தை நிரப்பிவிட்டேன். அம்மா கடைசியில் என்ன கேட்டாள், அடக்கத்தின்போது எனக்கு ஏன் அழுகை வரவில்லை, வீட்டில் எந்தப் பாத்திரத்தைத் தொட்டாலும் அவள் சத்தம் ஏன் கேட்கிறது என்று மாட்டுப் பொங்கல் கட்டுரையைச் சுற்றி மேலும் கீழும் எழுதினேன். நீங்கள் வாசித்தீர்கள். கடைசியில் ஒரே வார்த்தை எழுதியிருந்தீர்கள். 'சாப்பிட்டீர்களா?' அன்று முதல் நான் தனி ஆள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்த நினைப்பு இப்போதுதான் வந்திருக்கிறது.

அதற்கப்புறம் எத்தனை பேச்சு! திருத்தத்துக்குச் சிவப்பு மை, நமக்குப் பென்சில். பெண்களின் கட்டுரையைப் பற்றிய சண்டையும் பென்சிலில்தான். நீங்கள் 'மதிப்பெண் அதிகம்' என்பீர்கள். நான் 'பாவம்' என்பேன். நீங்கள் 'பாவத்துக்கு மதிப்பெண் உண்டா?' என்பீர்கள். மலைக்கோட்டையைப் பற்றிய கட்டுரையின் ஓரத்தில் உங்கள் வீட்டுப் புளியோதரையின் செய்முறை இருந்தது. கட்டுகளைப் பெண்களிடம் கொடுக்கும் முன் பென்சிலை அழித்துவிட வேண்டும் என்பதும் எழுதாத விதி. அந்த வேலை என் பங்குக்கு வந்தது. நீங்கள் ரப்பரைப் பிடித்தால் தாள் கிழிந்துவிடும். எல்லாவற்றையும் அவசர அவசரமாகச் செய்கிற கை உங்களுக்கு.

ஒரு தடவை அழிக்காமல் போய்விட்டது. கண்டிப்பாக மறந்திருக்க மாட்டீர்கள். இரண்டு தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்ததில் உள்ளே இருந்ததை நான் பார்க்கவில்லை. கட்டு உங்கள் பிரிவுக்குப் போய்விட்டது. மறுநாள் உங்கள் வகுப்பில் படிக்கிற, துறையூரிலிருந்து வந்து விடுதியில் தங்கியிருந்த பெண் ஒருத்தி, ஓய்வறை வாசலில் வந்து நின்றாள். கையில் தாள்.

"டீச்சர், இது எனக்கா எழுதினது? எனக்கு ஒண்ணும் புரியலைங்க" என்று என்னிடம் நீட்டினாள்.

ஓரத்தில் உங்கள் பென்சில் எழுத்து. 'அண்ணா வேலையை விடச் சொல்கிறார். அவர் பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்கள். வீட்டில் இருக்கிற விதவை அத்தை தினம் வண்டியேறிப் போவது பேச்சாகிறதாம். தைக்கு அப்புறம் நான் வரமாட்டேன் போலிருக்கிறது.' அதற்குக் கீழே என் எழுத்து. 'நீங்கள் என்ன சொன்னீர்கள்?' அதற்கும் கீழே நீங்கள். 'நான் என்ன சொல்ல. அவர் சோறு.'

அந்தப் பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உனக்கு இல்லம்மா" என்றேன். "தெரியும்ங்க" என்று தாளைத் திரும்ப வாங்கி, மடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு போய்விட்டாள். புரியவில்லை என்று சொன்னவளுக்கு முழுக்கப் புரிந்திருந்தது. அவளுக்குப் புரிந்தால் வகுப்புக்கே புரிந்த மாதிரி.

உங்களிடம் சொன்னபோது உங்கள் முகம் வெளுத்துவிட்டது. பதினாறு வயதில் கணவரை இழந்து, அண்ணன் வீட்டு நிழலில் இருந்துகொண்டே பட்டம் வாங்கி, நாலு பேருக்கு முன்னால் கரும்பலகை அருகே நிமிர்ந்து நின்றவர் நீங்கள். உங்கள் வீட்டுச் சங்கடம் அத்தனையும் பெஞ்சு பெஞ்சாகச் சுற்றியிருக்கும் என்று எண்ணி அன்று வண்டி ஏறும்போதுகூடப் பெண்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த வாரம் நம் கட்டுகளில் பென்சில் எழுத்தே இல்லை.

அடுத்த வாரக் கட்டுரை வந்தது. 'மழை நாள்' என்று தலைப்பு. உங்கள் பிரிவுக் கட்டை அவிழ்த்தேன். முதல் தாளைப் பார்த்து, இந்தப் பெண்ணுக்கு ஓரம் எவ்வளவு என்பது மறந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும். கட்டு முழுக்க, ஒரு பெண்கூட விடாமல், தாளை நடுவில் மடித்து ஒரு பாதியில் மட்டுமே எழுதியிருந்தார்கள். மறு பாதி முழுக்க வெள்ளையாக, நமக்காக.

கட்டை அப்படியே உங்கள் பக்கம் தள்ளினேன். நீங்கள் ஒன்றொன்றாகப் புரட்டினீர்கள். தோள் குலுங்கியது. சிரிக்கிறீர்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அழுதீர்கள். சிஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். பார்த்துவிட்டு, முதல் தடவையாக, ஜெபமாலையை எடுத்துக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டார். பேசலாம் என்றாகிவிட்டது. நாம் பேசவில்லை. நீங்கள் பென்சிலை எடுத்து மேலே இருந்த தாளின் காலிப் பாதியில், 'இனி இதை விட்டு நான் எப்படிப் போவது?' என்று எழுதினீர்கள்.

மறுநாள் வண்டியிலிருந்து இறங்கியதும் நேராக என்னிடம் வந்தீர்கள்.

"அண்ணாகிட்டே சொல்லிட்டேன். பெண் பார்க்க வரச்சே என்னை உள்ளே உக்ராண அறையிலே அரிசி மூட்டையோட உட்கார்த்தி வெச்சுக்கோங்கோ, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். ஆனா கார்த்தாலே வண்டி வந்தா ஏறிடுவேன். அதை மட்டும் தடுக்காதேங்கோன்னு."

"அண்ணா என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லலை. நான்தான் வந்துட்டேனே."

அப்புறம் சில வருஷங்கள் நன்றாகத்தான் போயின. உங்கள் அண்ணன் பெண்ணுக்குக் கல்யாணமும் ஆனது. நீங்கள் உக்ராண அறையில் உட்காரவேண்டிய அவசியம்கூட வரவில்லையாம். மாப்பிள்ளை வீட்டார் உங்களைத்தான் முதலில் விசாரித்தார்கள் என்று ஒரு கட்டுரை ஓரத்தில் பெருமையடித்துக்கொண்டீர்கள். அந்தப் பெருமையையும் நான்தான் ரப்பரால் அழித்தேன்.

ஐப்பசி மழையில் உங்களுக்கு ஜுரம் வந்தது. இரண்டு நாளில் வந்துவிடுவீர்கள் என்றார்கள். என் பிரிவுக் கட்டை வண்டிப் பெண்களிடம் கொடுத்து உங்கள் வீட்டுக்கு அனுப்பினேன். வேலை செய்யாவிட்டால் உங்களுக்கு ஜுரம் இன்னும் ஏறும் என்று எனக்குத் தெரியும். முதல் கட்டு திருத்தப்பட்டு வந்தது. எழுத்து கோணிக்கொண்டு கிடந்தது. கடைசித் தாளில் பென்சிலால், 'கஞ்சி பிடிக்கவில்லை' என்று மட்டும் இருந்தது. இரண்டாவது கட்டை அனுப்பும்போது மேல் தாளின் ஓரத்தில், 'எப்படி இருக்கிறீர்கள்? உண்மையைச் சொல்லுங்கள்' என்று எழுதி, சணலால் இறுக்கிக் கட்டி அனுப்பினேன்.

அந்தக் கட்டு திங்கட்கிழமை திரும்பி வந்தது. நான் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. பல்லால் கடித்து இழுத்த இடம்கூட மாறவில்லை. மேஜைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பிரிக்கத் தைரியம் வரவில்லை.

மறுநாள் ஸ்ரீரங்கத்து வண்டி வந்தது. எப்போதும் சலசலவென்று இறங்குகிற பெண்கள் ஒருவர் பின் ஒருவராகத் தலையைக் குனிந்துகொண்டு இறங்கினார்கள். அதே வண்டியில் ஏறி உட்கார்ந்து வண்டிக்காரரைத் திருப்பச் சொன்னேன். பாலத்தின்மேல் போகும்போது காவேரி இரு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷம் நீங்கள் தினம் உட்கார்ந்து வந்த இடத்தில் நான் அன்றுதான் முதல் தடவை உட்கார்ந்தேன்.

உத்தர வீதியில் உங்கள் வீட்டு வாசல் கழுவிவிடப்பட்டு ஈரமாக இருந்தது. எல்லாம் முடிந்து எடுத்துப் போய்விட்டிருந்தார்கள். உள்ளே பெண்கள் அழும் சத்தம் கேட்டது. அங்கே நான் யார் என்று போய் உட்காருவது? எதிர்ச்சாரியில், கதவு சாத்தியிருந்த ஒரு வளையல் கடை ஓரமாக நின்றேன். போகிறவர் வருகிறவர் எல்லாரும் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு அம்மாள் நின்று, "நீங்கோ யாரு?" என்று கேட்டார். "கூட வேலை பார்க்கிறவ" என்றேன். வேறு என்ன சொல்வது? நமக்கு ஒரு பேர் வைத்துக்கொள்ளாமலே காலத்தை ஓட்டிவிட்டோம். உங்களுக்காக அழுகிற உரிமை யார் யாருக்கோ இருந்தது, எனக்கு மட்டும் இல்லை என்று அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் முழுசாகத் தணியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து உங்கள் அண்ணன் பெண் வெளியே வந்தாள். தலைமுடி ஈரம் சொட்ட, தெருவைத் தாண்டி நேராக என்னிடம் வந்தாள். நாங்கள் அதற்கு முன் பார்த்துக்கொண்டதே இல்லை.

"நீங்கதானே அத்தையோட காலேஜ்லே இன்னொரு கட்டுரை டீச்சர்? அத்தை உங்களைப் பத்தி நிறையச் சொல்லுவா" என்றாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஞாயித்துக்கிழமை பூரா பென்சில் பென்சில்னு கேட்டுண்டே இருந்தா மாமி. நாங்க ஜுர வேகத்துலே பிதற்றறான்னு நினைச்சோம். அந்தக் காகிதக் கட்டைக்கூட இது எதுக்குன்னு அம்மா எடுத்துத் திருப்பி அனுப்பிட்டா. எதுக்கு மாமி பென்சில் கேட்டா?"

எனக்குத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண்ணிடம் உண்மையைச் சொல்லி அவளுக்கும் ஒரு பாரத்தை ஏற்றுவானேன்?

கல்லூரிக்குத் திரும்பி வந்து முடிச்சை அவிழ்த்தேன். 'எப்படி இருக்கிறீர்கள்? உண்மையைச் சொல்லுங்கள்.' அதற்குக் கீழே வெள்ளையாக இருந்தது. மறுநாள் அந்தத் தாளைப் பெண்ணுக்குக் கொடுத்தாக வேண்டும். ரப்பரை எடுத்து நான் கேட்டதை நானே அழித்தேன்.

அப்புறம் இரண்டு பிரிவையும் என்னிடமே கொடுத்துவிட்டார்கள். கட்டை மாற்றிக்கொள்ள ஆளில்லை. முகம் தெரிந்த பெண்களின் கட்டுரையைத்தான் திருத்துகிறேன். நீங்கள் சொன்னபடியே கை தளர்ந்துதான் போகிறது. பெண்கள் வந்து தவணை கேட்கிறார்கள். முன்பெல்லாம், "இருங்க, அந்த டீச்சர்கிட்டே பேசிப் பார்க்கறேன்" என்பேன். நீங்கள் முடியாது என்பீர்கள். நான் கெஞ்சுவேன். ஒரு நாள் கிடைக்கும். இப்போது கெஞ்சுகிறவளும் நான்தான், மறுக்கிறவளும் நான்தான். மறுத்துவிட்டு வீட்டுக்குப் போனால் சோறு இறங்குவதில்லை. விட்டுக்கொடுத்தால் நீங்கள் எங்கிருந்தோ பார்த்து உதட்டைச் சுழிப்பது போலிருக்கிறது. உங்கள் விதிகள் ஒவ்வொன்றாகக் கழன்றுபோனது இப்படித்தான்.

உங்கள் கையெழுத்து என்று என்னிடம் ஒரு துண்டுத் தாள்கூட இல்லை என்பதைச் சொன்னால் யாராவது நம்புவார்களா? சிவப்பு மையில் நீங்கள் எழுதியதெல்லாம் பெண்களோடு மாயவரத்துக்கும் மதுரைக்கும் போய்விட்டது. பென்சிலில் எழுதியதையெல்லாம் வாரா வாரம் உட்கார்ந்து, தாள் கிழியாமல், பொறுமையாக, சுத்தமாக அழித்தவள் நான். துறையூர்ப் பெண் நெஞ்சோடு வைத்துக்கொண்டு போன ஒன்று தப்பியிருக்கிறது. அவள் அதை வைத்திருக்கிறாளோ, அடுப்பில் போட்டுவிட்டாளோ. கேட்டு எழுதலாம்தான். அது அவளுடைய கட்டுரை, அவளிடமே இருக்கட்டும்.

ஓரத்தை எடுக்க முடியாது என்று இன்று மதரிடம் போய்ச் சண்டை போடுவதாகத்தான் காலையில் இருந்தேன். என்ன பேசுவது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். முதல் மணியில் கட்டுரைகளை வாங்கினேன். சென்னையிலிருந்து வந்திருக்கும் ஒரு பெண், தினசரி நாட்காட்டியில் கிழித்த தாள்களைச் சேர்த்து ஊசி நூலால் தைத்து, அவற்றின் பின்புறத்தில் எழுதிக் கொண்டுவந்திருந்தாள். உள்ளங்கை அளவுத் தாள்கள். எழுத்து எறும்பு போல இருந்தது. அத்தனை சின்னத் தாளிலும் இடது பக்கம் ஒரு விரல் அகலத்துக்கு ஓரம் விட்டிருந்தாள். கதவுக்குப் பின்னால் எழுதியிருந்ததே, அதனால்.

"இதுலே எதுக்கும்மா ஓரம்?" என்றேன்.

"விதி இருக்குதே டீச்சர். நீங்க எழுதறதுக்கு இடம் வேணுமே" என்றாள்.

அந்தப் பெண்ணிடம் ஓரம் கேட்பதற்கு நீங்களே சம்மதித்திருக்க மாட்டீர்கள். அதற்கப்புறம்தான் போய்த் தாளைக் கிழித்தேன். புதுத் தாளில் விதிகளை எழுதினேன். ஓரத்தை எழுதவில்லை. நாலு மணிக்கு முன்பாக மதரிடம் கொடுத்துவிட்டேன். படித்துப் பார்த்து, சந்தோஷம் என்றார். நான் வந்துவிட்டேன்.

வண்டி போய்விட்டது. ஓய்வறையில் நான் மட்டும் உட்கார்ந்திருக்கிறேன். அந்த சிஸ்டரும் காலமாகிவிட்டார். இங்கே பேசாதே என்று சொல்லவும் ஆளில்லை, பேசவும் ஆளில்லை. இருந்தும் பழக்கதோஷம், பேனா விழுந்தால் மூலையைத் திரும்பிப் பார்க்கிறேன். யுத்தத்துக்கு முன்பு வாங்கி வைத்த நல்ல தாள்கள் கொஞ்சம் என் பெட்டியில் இருந்தன. யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தேன். அவற்றில்தான் இதை எழுதுகிறேன்.

ஒவ்வொரு தாளையும் நடுவில் மடித்து ஒரு பாதியில் மட்டும் எழுதியிருக்கிறேன். மதர் பார்த்தால் என்னைப் பற்றி என்ன நினைப்பாரோ. மறு பாதி உங்களுக்கு. பென்சிலைச் சீவிப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அன்றைக்குக் கேட்டதற்குப் பதில் இன்னும் வரவில்லை. மெதுவாக எழுதுங்கள், அக்கா. இந்தத் தடவை நான் அழிக்க மாட்டேன்.